ஓடை தினம் இருமுறை ஏறி இறங்குகிறதா? நீலகிரியில் களக்கருவிப் பிழை தேடும் வழி

சமவெளியில் ஒழுங்காக வேலை செய்த கருவி ஊட்டிக்கு வந்ததும் தாறுமாறாக எண் காட்டினால், உள்ளே ஏதோ பழுது என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அப்படி இருக்காது. ஊட்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதோடு ஆடி மாதத்து மூடுபனி, மார்கழி உறைபனி, கரிமம் மிகுந்த கரிய மேல்மண். சூழலியல் ஆய்வகத்தில் நாங்கள் பார்க்கும் கோளாறுகளில் பெரும்பகுதி இவற்றிலிருந்துதான் வருகிறது.

புதிதாக ஆய்வுக்கு வரும் மாணவர்களையும் களப்பணியாளர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் எந்த அறிகுறியானாலும், திருப்புளியை எடுப்பதற்கு முன் மூன்று வேலைகளைச் செய்துவிடுங்கள். லாகரில் (அளவுகளைத் தானாகப் பதிவுசெய்யும் கருவியில்) இருக்கும் மூலத்தரவை அப்படியே நகலெடுத்துத் தனியாக வையுங்கள். லாகரின் கடிகாரத்தையும் கைபேசியின் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். கருவி நிற்கிற நிலையை அசைக்காமல் நாலு பக்கமும் படம் எடுங்கள். கருவியைத் தூக்கிவிட்ட பிறகு "முன்பு எப்படி இருந்தது?" என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

ஓடையின் நீர்மட்டம் தினமும் இருமுறை ஏறி இறங்குகிறது

மழை இல்லை. ஓடையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் அசையாமல் ஓடுகிறது. வரைபடத்தில் மட்டும் காலை பத்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் மேடு, மாலை நாலுக்கும் அதிகாலை நாலுக்கும் பள்ளம்.

இது வளிமண்டலத்தின் அலை. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் ஒவ்வொரு நாளும் இந்த நேரங்களையொட்டியே இருமுறை ஏறி இருமுறை இறங்கும். நீருக்கடியில் போடும் சாதாரண அழுத்த லாகர், தன் தலைக்கு மேல் இருக்கும் தண்ணீரின் அழுத்தத்தையும் அதற்கு மேலிருக்கும் காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே அளக்கிறது. ஒரு ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்தம் ஏறினால் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் ஏறியது போலக் காட்டும். தினசரி அலை சில ஹெக்டோபாஸ்கல் இருக்கும் என்பதால் சில சென்டிமீட்டர் பொய் அலை. சோலையின் (மலைப் பள்ளத்து அடர்காட்டின்) ஓரத்தில் ஓடும் சின்ன ஓடையில் கோடையில் மொத்தத் தண்ணீரே கணுக்கால் அளவுதான். அங்கே இந்தப் பொய் அலை மெய்யான மாற்றம் எல்லாவற்றையும் மூடிவிடும்.

தீர்வு தெரிந்ததுதான்: இன்னொரு லாகரைக் காற்றில் தொங்கவிட்டு, அதன் அளவை இதிலிருந்து கழிக்க வேண்டும். கழித்த பிறகும் அலை போகவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

கடிகாரம் முதலில். இரண்டு லாகர்களில் ஒன்று இந்திய நேரத்திலும் மற்றது கிரீன்விச் நேரத்திலும் ஓடினால் இடைவெளி ஐந்தரை மணி நேரம். அலையின் ஒரு சுற்று பன்னிரண்டு மணி நேரம். அதில் ஐந்தரை என்பது ஏறக்குறையப் பாதிச் சுற்று. ஆகவே ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தின் மீது போய் விழும். கழித்தால் அலை அழிவதற்குப் பதிலாகக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். திருத்திய பிறகு அலை முன்பைவிடப் பெரிதாகிவிட்டதென்றால் வேறெங்கும் தேட வேண்டாம், நேர அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். இந்த ஒரு அடையாளத்தை மனதில் வைத்துக்கொண்டால் பல நாள் அலைச்சல் மிச்சம்.

அடுத்து, காற்று லாகர் எங்கே தொங்குகிறது? வெயில் படும் தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தால் கருவி சூடேறி, நாளுக்கு ஒரு முறை வரும் வேறொரு அலையைச் சேர்த்துவிடும். மர நிழலில், வெள்ளம் எட்டாத உயரத்தில், காற்றுப் போக ஓட்டையுள்ள குழாய்க்குள் தொங்கவிடுங்கள். உயர வேறுபாடும் முக்கியம். இந்த மலையில் நூறு மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் சுமார் ஒன்பது ஹெக்டோபாஸ்கல் குறையும். ஓடைக்கு நூறு மீட்டர் மேலே உள்ள ஆய்வகக் கூரையில் காற்று லாகரை வைத்தால் நீர்மட்டம் எப்போதும் ஒன்பது சென்டிமீட்டர் அளவுக்கு அதிகமாகத் தெரியும். அது மாறாத வேறுபாடு, ஓடையில் நட்ட அளவுகோலோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ளலாம். கோயம்புத்தூரின் காற்றழுத்தத்தை எடுத்து அவலாஞ்சி ஓடையைத் திருத்துவது மட்டும் வேண்டாம். சமவெளியின் காற்று வேறு கதியில் சூடாகிறது.

எல்லாம் சரிசெய்த பிறகு நாளுக்கு ஒரே ஒரு முறை, காலையில் உயர்ந்து பிற்பகல் கடந்து தாழும் மெல்லிய அலை ஒன்று மிஞ்சலாம். அதை அழித்துவிடாதீர்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தெளிந்த வானமுள்ள நாட்களில் வந்து, மூடுபனி நாளில் காணாமல் போகிறதென்றால், அது கரையோர மரங்கள் தண்ணீரை உறிஞ்சும் தடமாக இருக்கலாம். சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) மண்டிய நீர்ப்பிடிப்பையும் புல்வெளி நீர்ப்பிடிப்பையும் ஒப்பிடுபவர்களுக்கு அதைவிடப் பெரிய செல்வம் கிடையாது. பிழை என்று நினைத்து மென்மையாக்கும் கணக்கைப் போட்டுத் துடைத்துவிட்டால் திரும்ப வராது.

குந்தா மின்திட்டத்தின் அணைகளுக்குக் கீழே உள்ள ஓடைகளில் ஏற்ற இறக்கம் மின் உற்பத்தி நேரத்தைப் பொறுத்தது. அங்கே இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

நீர்மட்டம் ஒரே நொடியில் தாவி, அங்கேயே நிற்கிறது

வெள்ளத்துக்குப் பிறகென்றால் லாகர் நகர்ந்திருக்கும், அல்லது குழாய்க்குள் வண்டல் ஏறியிருக்கும். கீழ்ப்பக்கம் கிளைகள் சிக்கித் தண்ணீரைத் தேக்கியிருந்தால் மட்டம் மெய்யாகவே உயர்ந்திருக்கும். ஓடையில் நட்ட அளவுகோலைப் பார்த்து எழுதிய குறிப்பு ஒன்றுதான் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லும். அதனால் ஓடைக்குப் போகும்போதெல்லாம் நேரத்தோடு அதைக் குறித்து வாருங்கள்.

மழைமானி குறைவாகக் காட்டுகிறது, அல்லது மழையே இல்லாத நாளில் மழை காட்டுகிறது

இங்கே பயன்படுவது பெரும்பாலும் ஊஞ்சல் வாளி உள்ள மழைமானி. வாளி நிறைந்து ஒரு முறை சாய்வது ஒரு தட்டல். 0.2 மி.மீ. மழைக்கு ஒரு தட்டல். முதலில் புனலைப் பாருங்கள். சீகைப் பூ, காய்ந்த இலை, சிலந்தி வலை, குளவிக் கூடு எல்லாம் அங்கே சேரும். அடைப்பு இருந்தால் மழை நின்று பல மணி நேரம் கழித்தும் சீரான இடைவெளியில் தட்டல் விழுந்துகொண்டிருக்கும். தேங்கிய நீர் சொட்டுச் சொட்டாக இறங்குவதன் அடையாளம் அது.

அடைப்பு இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். 200 மி.மீ. விட்டமுள்ள புனலின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். 628 மி.லி. தண்ணீர் 20 மி.மீ. மழைக்குச் சமம், அதாவது 100 தட்டல். பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஊசியால் சின்ன ஓட்டை போட்டு, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வடியும்படி விடுங்கள். 97-க்கும் 103-க்கும் இடையில் வந்தால் கருவி நன்றாக இருக்கிறது. வெளியே வந்தால் முதலில் கருவி சாயாமல் மட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள். காட்டெருமை உரசிச் சாய்த்த கம்பத்தில் வாளியின் இரு பக்கமும் ஒரே அளவில் நிறையாது.

சோதனையில் தேறிய கருவியும் பெருமழையில் குறைவாகத்தான் எண்ணும். வாளி ஒரு பக்கம் சாயும் அந்தக் கணத்தில் விழும் தண்ணீர், ஏற்கெனவே நிறைந்த பக்கத்துக்கே போய்விடுகிறது. தூறலில் அது பெரிய விஷயம் இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கும் மேல் பெய்ததே, அப்படிப்பட்ட மழையில் இழப்பு கணிசமாக இருக்கும். ஆகவே தானியங்கி மழைமானிக்குப் பக்கத்தில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் சாதாரண மழைமானி ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். மொத்தத்தை அதிலும் நேரத்தைத் தானியங்கியிலும் எடுத்துக்கொள்ளலாம்.

மழையில்லாத நாளின் ஒன்றிரண்டு தட்டல் காலை எட்டு ஒன்பது மணிக்கு விழுந்திருந்தால், புனலில் படிந்த உறைபனி உருகியது. மாலையில் என்றால் மூடுபனி. சோலையின் மரக்கூரைக்குக் கீழே வைத்த மழைமானியில் மூடுபனி நாளில் நிறையத் தட்டல் விழும். இலைகள் பனியைப் பிடித்துச் சொட்டவிடுகின்றன. திறந்த வெளியில் உள்ள மழைமானிக்கு அந்தத் தண்ணீர் தெரியவே தெரியாது. ஆக இரண்டும் சரியாகத்தான் அளக்கின்றன, அளக்கிற பொருள்தான் வேறு.

பக்கத்து நிலையத்தோடு ஒப்பிட்டுப் பிழை தேடும்போது ஒரு எச்சரிக்கை. அப்பர் பவானி, அவலாஞ்சிப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக்கு அக்டோபருக்குப் பிறகு வரும் வடகிழக்கு மழைதான் பெரிது. ஒரு சரிவின் மழையை வைத்து இன்னொரு சரிவின் கருவியைக் குறை சொல்ல முடியாது.

ஓடை நீரில் கரைந்த ஆக்சிஜன் குறைவு: மாசா, கருவியா?

15 டிகிரி செல்சியஸ் தண்ணீர் கடல்மட்டத்தில் லிட்டருக்கு சுமார் 10 மி.கி. ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். ஊட்டி உயரத்தில் அதே தண்ணீர் முழுச் செறிவில் இருக்கும்போதே 7.7 மி.கி.தான். பாறையில் நுரைத்து விழும் சுத்தமான ஓடையில் 7.5 வந்தால் மாசு என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள்.

கருவியின் அழுத்த அமைப்பில் 760 என்று இருந்தால் அது சமவெளிக் கணக்கு. இங்கே பாதரச அளவில் 580-ஐ ஒட்டி வர வேண்டும். இன்னொரு பொறி உண்டு: வானிலை அறிக்கையில் வரும் அழுத்தம் கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொன்னது. அதை எடுத்துக் கருவியில் போட்டால் பழைய பிழையே திரும்ப வரும். அந்த இடத்திலேயே அளந்த அழுத்தம்தான் வேண்டும். மண்ணிலிருந்து வெளிவரும் கரியமில வாயுவை அளக்கும் பகுப்பாய்விக்கும் இதே விதிதான்.

ஆட்டோகிளேவில் (நீராவிக் கிருமிநீக்கக் கலனில்) வைத்து எடுத்த வளர்ப்பு ஊடகத்திலும் நுண்ணுயிர் வளர்கிறது

இதற்கும் வேர் அதே காற்றழுத்தம்தான். அளவுமானியில் (சதுர அங்குலத்துக்கு) 15 பவுண்டு வந்தால் உள்ளே 121 டிகிரி என்று படித்திருப்போம். அளவுமானி காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை. வெளிக்காற்றே இங்கே குறைவு என்பதால், 15 பவுண்டில் உள்ளே சுமார் 117 டிகிரிதான் இருக்கும். நாலு டிகிரி என்றாலும் வெப்பம் தாங்கும் பாக்டீரியா வித்துகள் பிழைக்க அது போதும்.

வெப்பநிலை காட்டும் கருவி என்றால் அழுத்தத்தை விட்டுவிட்டு 121 டிகிரியைப் பிடியுங்கள். அழுத்தம் மட்டும் காட்டுவது என்றால் 18.5 பவுண்டு அளவுக்கு ஏற்ற வேண்டும், ஆனால் அந்தக் கலன் அவ்வளவு தாங்கும் என்று தயாரித்தவர்கள் குறித்திருந்தால் மட்டும். குறிப்பு இல்லையென்றால் அழுத்தத்தைத் தொடாதீர்கள், நேரத்தைக் கூட்டுங்கள், அத்தகைய வித்துகள் தடவிய சோதனைப் பட்டை வைத்துச் சோதித்து உறுதிசெய்யுங்கள். பாதுகாப்பு வால்வின் மேல் எடை வைப்பது உயிரோடு விளையாடுவது. எந்த அவசரத்திலும் கூடாது.

ஓடை நீரின் பிஎச் நிலைக்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது

இங்கே அடியில் இருப்பது சார்னோக்கைட் பாறை. அதன் மேல் வரும் ஓடை நீரில் கரைந்த உப்பு மிகக் குறைவு. அப்படிப்பட்ட தண்ணீரில் மின்முனை நிலைப்படப் பல நிமிடம் எடுக்கும். பிஎச் முன்பே தெரிந்த இடையகக் கரைசலில் சட்டென்று சரியான எண் காட்டி, ஓடை நீரில் மட்டும் நகர்கிறதென்றால் மின்முனை கெட்டுப்போகவில்லை. அதே ஓடை நீரில் பலமுறை கழுவி, வேகமாகக் கலக்காமல், பொறுத்திருந்து படியுங்கள். உப்புக் குறைந்த நீருக்கென்று வரும் மின்முனை இருந்தால் நல்லது.

மண் ஈரமானி நம்ப முடியாத எண் காட்டுகிறது

பெருமழை பெய்து மண் சொதசொதவென்று இருக்கிறது, ஈரமானி குறைவாகச் சொல்கிறது. மண்ணின் மின் விடுதிறனை (டைஎலக்ட்ரிக் மாறிலியை) அளந்து ஈரத்தைச் சொல்லும் கருவிகளில் பல, 1980-ல் டாப் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் கனிம மண்ணுக்காகத் தந்த சமன்பாட்டை நம்பியிருக்கின்றன. நீலகிரிப் புல்வெளியின் மேல்மண் கரிமம் நிறைந்தது, எடை குறைந்தது. அங்கே அந்தச் சமன்பாடு ஈரத்தைக் குறைத்தே மதிப்பிடும். அந்த இடத்து மண்ணை உலோக வளையத்தில் கலையாமல் வெட்டியெடுத்து, ஈர எடை பார்த்து, 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி, உங்கள் கருவிக்கு உங்கள் திருத்தத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். சோலைக்கு ஒன்று, புல்வெளிக்கு ஒன்று, சதுப்புக்கு ஒன்று என்று தனித்தனியாக.

எண் தாவினால், அதாவது வறண்ட நாளில் சுழியை ஒட்டியும் மழை பெய்ததும் திடீரென்று உச்சத்திலும் நின்றால், கம்பிக்கும் மண்ணுக்கும் இடையில் வெற்றிடம் இருக்கிறது. கம்பியைப் பிடுங்கி அதே துளையில் திரும்பச் செருகினால் சரியாகாது, ஒரு சாண் தள்ளிப் புதிதாகக் குத்துங்கள்.

சதுப்பில் மட்டும் கைக்கு வந்தபடி குத்தவோ தோண்டவோ வேண்டாம். நீலகிரியின் பள்ளத்தாக்குச் சதுப்புகளில் படிந்த கரிமண்ணின் கார்பன் ஐசோடோப்புகளைக் கொண்டு சுமார் 20,000 ஆண்டுகளின் பருவநிலை மாற்றத்தைப் படித்து, சுகுமாரும் ரமேஷும் சகாக்களும் 1993-ல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். எந்தக் காலத்தில் புல் ஓங்கியது, எந்தக் காலத்தில் மரம் ஓங்கியது என்று அடுக்கடுக்காக அந்த மண்ணுக்குள் இருக்கிறது. கலைத்தால் கலைத்ததுதான்.

லாகர் விடியற்காலையில் நின்று, பத்து மணிக்கு மேல் தானே உயிர் பெறுகிறது

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வந்தால் குளிரில் சோர்ந்த பேட்டரி. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் பள்ளத்தில் போய்த் தேங்கும். மேட்டில் உள்ள நிலையம் தப்பிக்க, பள்ளத்துப் புல்வெளியில் உள்ள நிலையம் சுழியத்துக்குக் கீழே போகும். சாதாரண ஆல்கலைன் பேட்டரிக்குப் பதிலாக லித்தியம் போடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வந்தால் குளிரைக் குறை சொல்ல வேண்டாம், மூடுபனியில் சூரியத் தகடு பட்டினி கிடக்கிறது. 12 வோல்ட் ஈய அமில பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் ஓய்வில் விட்டு அளந்தால் 12.6-க்கு மேல் இருக்க வேண்டும். 11.8-க்குக் கீழே என்றால் காலி.

விலங்குகளைத் தானாகப் படமெடுக்கும் கேமரா: இரவுப் படமெல்லாம் வெள்ளை, பகலில் ஆயிரக்கணக்கில் வெற்றுப் படம்

வெள்ளைப் படம் மூடுபனியால். கேமராவின் அகச்சிவப்பு ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்புகிறது. லென்ஸின் உட்பக்கம் ஈரம் படிந்திருந்தால் பகல் படமும் மங்கலாக இருக்கும், அப்போது ரப்பர் வளையத்தையும் உள்ளே உள்ள சிலிக்கா ஜெல்லையும் மாற்றுங்கள். வெளிப்பனி என்றால் செய்ய முடிந்தது, தடத்துக்கு நெருக்கமாக வைப்பதுதான். வெற்றுப் படங்கள் பெரும்பாலும் வெயில் பட்ட புல் காற்றில் ஆடுவதால் வருபவை. முன்னால் உள்ள புல்லைக் கொஞ்சம் ஒதுக்கிக் கட்டுங்கள், கேமரா கிழக்கையோ மேற்கையோ நேராகப் பார்க்காமல் திருப்புங்கள்.

நள்ளிரவில் பளீரென்ற வெயிலில் கடமான் மேய்ந்தால் முற்பகல் பிற்பகல் மாறியிருக்கிறது. பன்னிரண்டு மணி நேரத்தைக் கூட்டினால் போதும், படங்களைத் தூக்கியெறிய வேண்டாம். விறகுக்கும் வேலைக்கும் போகிற ஊர்க்காரர்கள் படத்தில் பதிந்திருந்தால் அவற்றை ஒதுக்கி அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். கேமரா இருக்கிறது என்று வழியில் தமிழில் ஒரு பலகை வைப்பது அவர்களுக்கு நாம் காட்டும் குறைந்தபட்ச மரியாதை.

உலர்த்திய சருகின் எடை தராசிலேயே ஏறுகிறது. தாவர மாதிரிகளில் பூஞ்சை

இரண்டும் ஈரக்காற்று. அடுப்பிலிருந்து எடுத்த சருகு ஆறும் நேரத்துக்குள் ஈரத்தை உறிஞ்சிவிடும். மூடிய உலர்கலனில் ஆறவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து உடனே எடை பாருங்கள். நீலமாக இருக்க வேண்டிய சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாகியிருந்தால் உலர்கலன் பெயருக்குத்தான் உலர்கலன். அழுத்தி வைத்த தாவரங்களுக்கு மழைக்காலத்தில் தினமும் தாள் மாற்ற வேண்டும், வேறு வழியில்லை.

சட்டகமிட்டு அளக்கும் பகுதியில் புல் அறுக்கப்பட்டிருக்கிறது, அடையாளக் கம்பைக் காணோம்

கம்பு மட்டும் போயிருந்தால் காட்டெருமையோ காட்டுப்பன்றியோ காரணமாக இருக்கலாம், குளம்புத் தடம் பாருங்கள். புல் ஒரே உயரத்தில் சீராக அறுக்கப்பட்டிருந்தால் அது மனிதக் கை. யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டுவதற்கு முன் பக்கத்து மந்தில் (தோடர் குடியிருப்பில்) போய்க் கேளுங்கள். தோடர்கள் தங்கள் கோயில்களுக்குக் கூரை வேய்வது சதுப்பில் வளரும் எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி என்ற புல்லால். அது நீலகிரிக்கே உரியது, இப்போது அரிதாகிவிட்டது. நாம் அளக்கத் தொடங்குவதற்குப் பல தலைமுறை முன்பிருந்தே அவர்கள் அதை அறுத்துவருகிறார்கள். நம்முடைய அளவீட்டுச் சட்டகம்தான் அவர்களுடைய இடத்தில் போய் விழுந்திருக்கிறது.

பெரியவர்களிடம் போய், "ஐயா, எந்த மாசம் அறுப்பீங்க, எந்தப் பள்ளத்துக்குள்ள நாங்க கால் வைக்கக் கூடாது?" என்று கேட்டால் சொல்வார்கள். அறுவடை நடந்த தேதியைத் தரவில் ஒரு நிகழ்வாகக் குறியுங்கள். அறுத்த பகுதியையும் அறுக்காத பகுதியையும் தனித்தனியாக அளந்து தொடருங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் இடத்திலிருந்து கம்புகளைப் பிடுங்கிவிட்டு, வனத்துறை அனுமதியில் குறித்த எல்லைக்குள்ளேயே வேறு இடம் தேர்ந்து, பழைய இடத்தின் தரவு எந்தத் தேதியோடு நின்றது என்பதைக் களக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.